விலைக்குள் அடங்கிய வரியைப் பிரிப்பது எப்படி? வாங்கும்போது செலுத்திய வரி என்ன ஆகிறது?

பாமணியாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாக நீர் இறைக்கும் மோட்டார், பி.வி.சி. குழாய், ஃபுட் வால்வு, ஒயர் முதலியவற்றை விற்கும் கடை நடத்தி வருகிறார். சென்ற ஆண்டு அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து கடைக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். நான் படித்தது தாவரவியல். வணிகவியல் அறிந்தவள் அல்ல. ஆகவே என் கேள்வி மிக எளியதாகத் தோன்றினாலும் பொறுத்துக்கொண்டு விளக்குமாறு வேண்டுகிறேன்.

கடந்த மார்ச் மாதம் வரை நாங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 1 ரூபாய் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் கட்டட ஒப்பந்தக்காரர்களும் இரண்டொரு சிறு தொழிற்கூடத்தாரும் வரி பில் கேட்டு, அது எங்களிடம் இல்லை என்றதும் தஞ்சாவூருக்குப் போகத் தொடங்கினார்கள். அதனால் ஏப்ரல் 1 முதல் அத்திட்டத்திலிருந்து முறைப்படி விலகி, வழக்கமான ஜி.எஸ்.டி. முறைக்கு மாறியிருக்கிறோம்.

இப்போது எனக்குப் புரியாத இடத்துக்கு வருகிறேன். ஒரு மோட்டாரின் அட்டைப் பெட்டி மேல் என் தந்தை நீல மையால் 14,160 என்று எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் சேர்த்து வாடிக்கையாளர் தரவேண்டிய தொகை அது. மோட்டாருக்கு வரி 18 சதவீதம் என்பதால் 14,160-க்கு 18 சதவீதம் கணக்கிட்டேன். 2,548 ரூபாய் 80 காசு வந்தது. பில் போடும் மென்பொருளோ அதே மோட்டாருக்கு 2,160 ரூபாய்தான் வரி என்று காட்டுகிறது. எது சரி?

அடுத்தது இதைவிடக் கவலை தருவது. அந்த மோட்டாரைத் தஞ்சாவூர் மொத்த வியாபாரியிடம் நாங்கள் 12,390 ரூபாய்க்கு வாங்கினோம். விற்பதோ 14,160-க்கு. இடையில் எங்களுக்குக் கிடைப்பது 1,770 ரூபாய். வரியே 2,160 ரூபாய் என்றால், ஒவ்வொரு மோட்டாருக்கும் கையிலிருந்து 390 ரூபாய் போட்டல்லவா வியாபாரம் செய்ய வேண்டும்? "வாங்கும்போதும் வரி கொடுத்தோம், விற்கும்போதும் வரி கொடுத்தால் இரண்டு வரி ஆகாதா?" என்று என் தந்தை கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. கோடையில் ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) இறக்குபவர்கள் அதிகம் என்பதால் மார்ச்சிலேயே சரக்கு வாங்கிக் கடை முழுவதும் அடுக்கி வைத்திருக்கிறோம். அவற்றையெல்லாம் நட்டத்துக்கு விற்க நேருமோ என்று அச்சமாக இருக்கிறது.

அரசலாறு எழுதியது:

அம்மா, வணக்கம். கும்பகோணத்தில் பழைய விற்பனை வரிக் காலத்திலிருந்து வணிகர்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். உங்கள் தந்தையின் கேள்வி நியாயமான கேள்வி. 2007-இல் எங்கள் ஊர்ப் பாத்திரக்கடைக்காரர்கள் எத்தனையோ பேர் அதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம் இருந்தவரை, பெரும்பாலான பொருள்களுக்கு மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனையிலேயே வரி தீர்ந்துவிடும். அடுத்தடுத்து விற்பவர்கள் "ஏற்கெனவே வரி செலுத்திய சரக்கு" என்று காட்டினால் போதும். 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோதுதான் கடைசிக் கடைக்காரர் வரை ஒவ்வொருவரும் வரி வாங்கவும், அதில் தாம் கொடுத்ததைக் கழிக்கவும் வேண்டியதாயிற்று. அன்றைக்கு 4 சதவீதமும் 12.5 சதவீதமும் முக்கிய வீதங்கள். 2011 ஜூலையில் அவை 5, 14.5 என்று உயர்ந்தன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து பெயரும் வீதமும் மாறினாலும், கணக்கின் எலும்புக்கூடு அதே மதிப்புக் கூட்டு வரிதான். அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதலில் 14,160. 18 சதவீதம் என்பது வரி சேராத விலையின் மீது போடப்படுவது. வரி சேராத விலை 100 என்றால் வாடிக்கையாளர் கொடுப்பது 118. ஆகவே கையில் இருக்கும் தொகை 118 பங்கு. அதில் 100 பங்கு விலை, 18 பங்கு வரி. 14,160-ஐ 118-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 120 ரூபாய். 100 பங்கு 12,000 ரூபாய், 18 பங்கு 2,160 ரூபாய். மென்பொருள் காட்டியதே சரி. நீங்கள் செய்தது, 118 பங்கு முழுவதன் மீதும் 18 சதவீதம் போட்டது. அதாவது வரியின் மீதும் வரி போட்டுவிட்டீர்கள். ஒரு மோட்டாருக்கு 388 ரூபாய் 80 காசு அதிகம். ஒரு கோடைப் பருவம் முழுவதும் அப்படியே கட்டினால் எவ்வளவு வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள். 5 சதவீதப் பொருளாக இருந்தால் முழுத் தொகையை 21-ஆல் வகுத்தாலே வரி வந்துவிடும். 105-இல் 5 என்பது 21-இல் 1 அல்லவா? கால்குலேட்டர் இல்லாத காலத்தில் நாங்கள் கைக்கணக்காகப் போட்டுப் பழகிய வழி இது.

இனி இரட்டை வரி என்ற அச்சம். உங்கள் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் அதைச் செய்பவர் வார்ப்பிரும்பு, செம்புக் கம்பி முதலியவற்றை 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார், அதற்கு வரி 900 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அவர் 9,000 ரூபாய் விலைக்கு 1,620 ரூபாய் வரியுடன் தஞ்சாவூர் வியாபாரிக்கு விற்கிறார். வாங்கிய 1,620-இல் தாம் கொடுத்த 900-ஐக் கழித்துக்கொண்டு 720-ஐ அரசுக்குக் கட்டுகிறார். தஞ்சாவூர் வியாபாரி உங்களுக்கு 10,500 ரூபாய் விலை, 1,890 ரூபாய் வரி என்று பில் போடுகிறார். நீங்கள் சொன்ன 12,390 அதுதான். அவர் 1,890-இல் 1,620-ஐக் கழித்து 270-ஐக் கட்டுகிறார். நீங்கள் 12,000 விலையும் 2,160 வரியும் வாங்குகிறீர்கள். அதில் 1,890-ஐக் கழித்தால் நீங்கள் கட்டவேண்டியதும் 270 ரூபாய்தான். 900, 720, 270, 270 ஆகிய நான்கையும் கூட்டுங்கள்: 2,160. கடைசியில் மோட்டாரை வாங்கிய விவசாயி கொடுத்த வரி எவ்வளவோ, அதே தொகைதான் வழி நெடுகத் துண்டு துண்டாக அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் கடையில் அந்த மோட்டாருக்குக் கூடிய மதிப்பு 1,500 ரூபாய். அதில் 18 சதவீதம் 270. மதிப்புக் கூட்டு வரி என்ற பெயரின் பொருள் இதுவே.

நீங்கள் குழம்பிய இடம், 12,390-ஐ அடக்க விலையாகவும் 14,160-ஐ விற்பனை வரவாகவும் எடுத்துக்கொண்டது. வழக்கமான முறையில் அடக்கம் 10,500, வரவு 12,000, இலாபம் 1,500. வரித்தொகை உங்கள் கையில் வந்து தங்கிப் போகும் பணம். அதை இலாபக் கணக்கில் கலக்கவே கூடாது. உங்கள் தந்தையிடம் அந்த இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 270 ரூபாய் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காம்போசிஷனில் இருந்தபோது இதே மோட்டாரை 12,390-க்கு வாங்கி 14,160-க்கு விற்று, 1 சதவீதமாக 141 ரூபாய் 60 காசு கட்டியிருந்தால் உங்களுக்கு 1,628 ரூபாய் 40 காசு மிஞ்சியிருக்கும். இப்போது 1,500 தான். விவசாயிக்கு அதே விலையில் விற்கும் ஒவ்வொரு மோட்டாரிலும் உங்களுக்கு 128 ரூபாய் சொச்சம் குறைகிறது. ஆனால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர், பொருளைத் தம் வரிக்குட்பட்ட தொழிலுக்கு வாங்கும்போது, உங்களிடம் கொடுக்கும் 2,160-ஐத் தம் வரியில் கழித்துக்கொள்வார். அவருக்கு அடக்கம் 14,160 அல்ல, 12,000. தஞ்சாவூருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்றால் இந்த மாற்றம் உங்களுக்கு நன்மை. விற்பனையில் பெரும்பகுதி நேரடியாக விவசாயிகளுக்கே என்றால், ஆண்டு இறுதியில் மறுபடியும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தியில்தான் அவசரம் இருக்கிறது. மார்ச்சில் வாங்கிய சரக்கு கடையில் நிறைய இருக்கிறது என்கிறீர்கள். காம்போசிஷனிலிருந்து வழக்கமான முறைக்கு மாறுபவர், மாறும் நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் இருந்த சரக்கின் மீது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஐ.டி.சி. 01 என்ற படிவத்தை 30 நாளுக்குள் இணையத்தில் கொடுக்க வேண்டும். பில் ஓராண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கோரும் வரி 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பட்டயக் கணக்காளர் சான்றும் வேண்டும். ஏப்ரல் 1-இல் மாறிய உங்களுக்கு ஏப்ரல் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். அதைத் தவறவிட்டால் உங்கள் தந்தை அஞ்சுகிற இரட்டை வரி, அந்தச் சரக்கைப் பொறுத்தவரை உண்மையாகிவிடும். மார்ச் 31 இரவு கடையில் என்னென்ன இருந்தன என்பதை இன்றே பில் வாரியாக எழுதத் தொடங்குங்கள்.

பாமணியாறு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நேற்று மாலை இரண்டு பில்களையும் தந்தையின் முன் வைத்து நீங்கள் எழுதியபடியே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அவன் கொடுத்த பில்தான் நமக்குப் பணம்" என்றார். இரவு பதினொரு மணி வரை இருவரும் பழைய பில்களைத் தேடினோம். ஏப்ரலில் விற்றவற்றைக் கூட்டியும், இருப்பதை எண்ணியும் மார்ச் 31 கையிருப்புப் பட்டியலைத் தயாரித்து வருகிறோம்.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. குழாய் இணைப்புச் சாமான்கள் சிலவற்றை நாங்கள் காரைக்காலில் ஒரு வியாபாரியிடம் வாங்குகிறோம். அந்தப் பில்லில் மத்திய அரசுக்குச் சி.ஜி.எஸ்.டி., மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரி இல்லாமல் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக 18 சதவீதம் இருக்கிறது. அதையும் கழித்துக்கொள்ளலாமா, கழிப்பதானால் எதில் கழிப்பது? மேலும், தந்தை இவ்வாண்டு புதிதாக விதை நெல்லும் வாங்கி விற்கலாம் என்கிறார். விதைக்கு வரி இல்லை என்பதால் அதனால் கணக்கில் ஒன்றும் மாறாது என்று நான் நினைப்பது சரியா?

நண்டலாறு எழுதியது:

சகோதரி, உங்கள் முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். பொறையாற்றில் கடை வைத்திருப்பவனுக்கு அது அன்றாடப் பாடம். எங்கள் கடையிலிருந்து நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் காரைக்கால். பேச்சும் உறவும் ஒன்றுதான். ஆனால் வரிக்கணக்குக்கு அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி, வேறு மாநிலத்துக்குச் சமம். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: நமக்கு 33, அவர்களுக்கு 34. 33-இலிருந்து 33-க்கு விற்றால் 18 சதவீதம் 9, 9 என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பிரியும். 34-இலிருந்து 33-க்கு வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே தொகையாக வரும். மதிப்புக் கூட்டு வரியை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய நாடு பிரான்ஸ், ஆண்டு 1954. அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லையென்றாலும், ஐ.ஜி.எஸ்.டி. பில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பழைய மாநில மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் வெளிமாநிலத்தில் வாங்கினால் மத்திய விற்பனை வரி கொடுக்க வேண்டும். அதைக் கழிக்க முடியாது, அடக்கத்தில் சேர்ந்துவிடும். இன்று ஐ.ஜி.எஸ்.டி. முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிக்கும் வரிசையில் கவனம் வேண்டும். வாங்கும்போது கொடுத்து, பின்னர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியை வரவு என்போம். முதலில் ஐ.ஜி.எஸ்.டி. வரவு முழுவதையும் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். அதை நீங்கள் கட்டவேண்டிய ஐ.ஜி.எஸ்.டி.க்கு ஈடுசெய்த பிறகு, மிஞ்சியதைச் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டிலும் எந்த அளவிலும் பிரித்துக் கழிக்கலாம். சி.ஜி.எஸ்.டி. வரவை எஸ்.ஜி.எஸ்.டி.க்கோ, எஸ்.ஜி.எஸ்.டி. வரவைச் சி.ஜி.எஸ்.டி.க்கோ மாற்றிக் கழிக்க முடியாது. இந்தக் கடைசி விதியில்தான் நான் ஒரு முறை பணத்தை முடக்கிக்கொண்டேன்.

எளிய எண்களில் சொல்கிறேன். ஒரு மாதத்தில் தமிழ்நாட்டுக்குள் 90,000 ரூபாய்க்கு வாங்கினேன்; சி.ஜி.எஸ்.டி. வரவு 8,100, எஸ்.ஜி.எஸ்.டி. வரவு 8,100. காரைக்காலில் 30,000-க்கு வாங்கினேன், ஐ.ஜி.எஸ்.டி. வரவு 5,400. உள்ளூரில் 1,30,000-க்கு விற்றேன். கட்டவேண்டியது இரண்டிலும் 11,700. நான் யோசிக்காமல் 5,400 முழுவதையும் சி.ஜி.எஸ்.டி.யில் கழித்துவிட்டேன். அங்கே மீதி 6,300 தான் என்பதால் என் 8,100 வரவில் 1,800 பயன்படாமல் தங்கிவிட்டது. எஸ்.ஜி.எஸ்.டி. பக்கமோ 11,700-க்கு 8,100 தான் வரவு. 3,600 ரூபாயை ரொக்கமாகக் கட்டினேன். அந்த 5,400-ஐப் பாதிப் பாதியாக 2,700 வீதம் இரண்டு பக்கமும் பிரித்திருந்தால், இரு பக்கமும் 900 வீதம் 1,800 ரூபாய் கட்டியிருந்தால் போதும். முடங்கிய தொகை அடுத்த மாதத்துக்குப் போகும், தொலையாது என்பது உண்மைதான். ஆனால் சிறு கடைக்கு 1,800 ரூபாய் இரண்டு குழாய்க் கட்டுகளுக்கு முன்பணம் அல்லவா? விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழித்தால் 10,000 ரூபாய் வருகிறது. அதற்கு 18 சதவீதம் 1,800. மாதக் கணக்கு முடிந்ததும் இந்தச் சிறு சரிபார்ப்பை நான் எப்போதும் செய்துகொள்கிறேன். வாங்கியதெல்லாம் விற்றதெல்லாம் ஒரே வீதமாக இருக்கும் மாதத்தில் இது தவறாமல் பொருந்தும்.

காரைக்கால் வாடிக்கையாளருக்கு நீங்கள் விற்கும் நாளும் வரலாம். காம்போசிஷனில் இருந்தவரை வெளிமாநில விற்பனை உங்களுக்குத் தடை; இப்போது தடை இல்லை. காரைக்கால் எண்ணில் பில் கேட்டுச் சரக்கை அங்கே அனுப்பச் சொன்னால் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். பதிவு இல்லாத ஒருவர் முகவரி எதுவும் எழுதச் சொல்லாமல் கடையிலேயே காசு கொடுத்து எடுத்துச் சென்றால் அது நம் மாநில விற்பனைதான்.

உங்கள் தந்தை சொன்ன "பில்தான் நமக்குப் பணம்" என்ற சொல்லுக்கு ஒரு துணைச்சொல் சேர்க்கிறேன்: அந்தப் பில் 2பி-யில் வந்தால்தான் பணம். விற்றவர் தம் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தில் நம் பில்லை ஏற்றினால், அடுத்த மாதம் 14-ஆம் தேதி நமக்குக் கிடைக்கும் 2பி பட்டியலில் அது தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி எனக்குக் கொடுத்த பில்லில் 9,000 ரூபாய் வரி இருந்தது. பணத்தை முழுவதும் வாங்கிக்கொண்ட அவர் அந்தப் பில்லை ஏற்றவே இல்லை. பலமுறை நேரில் போய்க் கேட்டேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லியே காலம் கடந்தது. அந்த ஆண்டின் வரவுகளை எடுக்கக் கடைசி நாளான நவம்பர் 30-உம் போய்விட்டது. அந்த 9,000 ரூபாய் என் மகளின் கல்விக்காக ஒதுக்கியதிலிருந்து போனது என்பதால் இன்றும் வலிக்கிறது. அதன் பின், புதிய வியாபாரி என்றால் சரக்கின் விலையை உடனே கொடுத்துவிட்டு, வரித்தொகையை மட்டும் 2பி-யில் பில் தெரிந்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்கிறேன். நேர்மையான வியாபாரிகள் எவரும் இதுவரை மறுத்ததில்லை. அதே சமயம், நாமும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுத்தொகையையும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த வரவை வட்டியுடன் திருப்ப வேண்டியிருக்கும்.

முள்ளியாறு எழுதியது:

திருத்துறைப்பூண்டியில் உரம், பூச்சிமருந்து, விதை விற்பவன் என்ற முறையில் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். விதை நெல்லுக்கு வரி இல்லை என்பது சரி. கணக்கில் ஒன்றும் மாறாது என்பது சரியல்ல. எங்கள் கடையில் ஒரே அலமாரியில் மூன்று விதம் இருக்கிறது: விதைக்கு வரி இல்லை, உரத்துக்கு 5 சதவீதம், இரசாயனப் பூச்சிமருந்துகளுக்கு 18 சதவீதம். பூச்சிமருந்துக்காகக் கொடுத்த வரியை முழுவதும் கழிக்கலாம். ஆனால் கடை வாடகை, கண்காணிப்புக் கேமரா, கணக்காளர் கட்டணம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் வரி மூன்று விதப் பொருளுக்கும் பொதுவானது. வரியில்லாப் பொருளின் பங்குக்கு உரிய வரவை நாம் எடுக்கக் கூடாது. ஒரு மாதம் மொத்த விற்பனை 10 லட்சம், அதில் விதை 2 லட்சம், பொதுச் செலவுகளின் வரி 3,000 ரூபாய் என்றால், ஐந்தில் ஒரு பங்காகிய 600 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு, பின்னர் வட்டியுடன் ஒரே நாளில் கட்டச் சொல்லும்போது கை நடுங்கும்.

வரி விலக்கு என்பது எப்போதும் சலுகை என்று நம் பகுதியில் எண்ணுகிறார்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் நெல்லுக்கு வரி இல்லை. ஆனால் அந்த நெல்லை விளைவிக்க விவசாயி வாங்கும் மோட்டாருக்கும் குழாய்க்கும் 18 சதவீதம், உரத்துக்கு 5 சதவீதம் கொடுக்கிறார். வரியில்லா விளைபொருளை விற்பவருக்குக் கழித்துக்கொள்ள விற்பனை வரி இல்லை. ஆகவே அரசலாறு ஐயா சொன்ன அந்த 2,160 ரூபாயும் விவசாயியிடமே நின்றுவிடுகிறது. ஏற்றுமதி செய்பவருக்கு நிலைமை வேறு. அவருடையது பூஜ்ஜிய வீதம் என்பதால், விற்கும்போது வரியில்லாமல் விற்று, வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்பப் பெற முடியும். விலக்கும் பூஜ்ஜிய வீதமும் பில்லில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; பணத்தில் ஒன்றல்ல. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று காத்திருக்காமல் கடன் வாங்கி ஃபில்டர் பாயிண்ட் இறக்கிக் குறுவை நடுபவர் அந்த வரியையும் சேர்த்தே கடனாக வாங்குகிறார் என்பதை நம் வணிகர்களாவது உணர்ந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், அவரிடம் வரியைத் தவறாகக் கூடுதலாக வாங்காமல் இருக்கலாம்.

அரிசியில் இதே எல்லைக்கோடு எடையால் வருகிறது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசி 25 கிலோ வரை 5 சதவீதத்துக்கு உட்பட்டது. அதன் பிறகு நம் சந்தையில் 26 கிலோ சிப்பம் வந்தது அனைவருக்கும் தெரியும். ஆலைக்காரர் அதை விற்கும்போது வரி இல்லை. ஆனால் அந்த அரிசிக்காக வாங்கிய சாக்குக்கும் இயந்திர உதிரிபாகத்துக்கும் கொடுத்த வரி அவருக்கு வரவாகாது, அடக்கத்தில் ஏறிவிடும்.

இன்னொரு செய்தி, உங்கள் கடைக்குப் பொருந்தக்கூடியது. சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளும் மருந்து தெளிக்கும் இயந்திரங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தன. அதற்கு முன் வாங்கிய சரக்கு இன்னும் இருந்தால், கொடுத்த 12 சதவீத வரியே உங்கள் வரவு; விற்கும்போது போடவேண்டியது 5 சதவீதம். பழைய பில்லைப் பார்த்துப் பழைய வீதத்தில் விற்றுவிடாதீர்கள்.

அரசலாறு எழுதியது:

நண்பர்கள் இருவரும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சிறு சேர்க்கை மட்டும். அம்மா, சரக்கு இறக்கும் வண்டிக்கு நீங்கள் போடும் டீசலின் பில்லை வரவுக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். பெட்ரோலும் டீசலும் இன்றும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, பழைய தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின்கீழ்தான் மாநிலம் அவற்றுக்கு வரி வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்ததும் அந்த மாநில வரியில்தான். அந்த வரியை ஜி.எஸ்.டி.யில் கழிக்க வழியில்லை, அது முழுவதும் செலவு. அதேபோல் ஏப்ரல் கணக்குக்கு ஜி.எஸ்.டி.ஆர். 1 மே 11-க்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம் மே 20-க்குள் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி உண்டு.

பாமணியாறு எழுதியது:

பெரியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. கையிருப்புப் பட்டியல் நேற்று முடிந்தது. பில்லோடு பொருந்திய பழைய சரக்கின் வரி சேராத மதிப்பு 2 லட்சம் ரூபாய் வந்தது. அதற்குக் கொடுத்த வரி 36,000 ரூபாய். ஓராண்டைத் தாண்டிய நான்கு பில்களையும், எழுத்து அழிந்து படிக்க முடியாமல் போன ஒரு பில்லையும் விட்டுவிட்டோம். ஐ.டி.சி. 01 படிவத்தை இன்று காலை எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் அமர்ந்து அனுப்பிவிட்டோம். விதை வியாபாரத்தை இந்தக் குறுவைக்குத் தொடங்காமல், கணக்கு எனக்குப் பழகிய பிறகு சம்பாவுக்குத் தொடங்கலாம் என்று தந்தையே சொல்லிவிட்டார்.

மதியம் கடைக்குத் திரும்பியதும் அவர் மோட்டார்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, 14,160 என்று எழுதியிருந்ததன் கீழே 12,000 என்றும் அதற்கடுத்து 2,160 என்றும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். மாலையில் வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, வரி பில்லோடு இரண்டு மோட்டார் எடுத்துச் சென்றார்.